85,000 ரூபாய்க்கு கேமிங் சிபியூ: பழைய டிடிஆர்4 ரேமை வைத்துக்கொள்வதா, ஏஎம்5 போவதா?

கல்லணைக்காற்று (திருச்சி)

வணக்கம் நண்பர்களே. 2017ல் அப்பா வாங்கிக் கொடுத்த சிபியூவைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஐ5 7400, பி250 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் (8 ஜிபி இரண்டு), ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். கேபினட்டோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி).

இந்த ப்ராசசருக்கு விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்துவிட்டது. 1050 டிஐக்கும் புதிய கேம் டிரைவர் இனி வராது என்கிறார்கள். இனியும் தள்ளிப்போட முடியாது.

பட்ஜெட் 85,000. வாலரண்ட் தினமும், சைபர்பங்க் 2077 முழுசாக முடிக்க ஆசை, புதிதாக வரும் பெரிய கேம்களும் ஆட வேண்டும். எப்போதாவது ப்ளெண்டர் (3டி உருவங்கள் செய்யும் மென்பொருள்).

ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5 மேடையில் ரைசன் 7600 போட்டு 32 ஜிபி டிடிஆர்5 (பழைய டிடிஆர்4 அதில் பொருந்தாது) வாங்கலாம் என்று போன வருடம் லிஸ்ட் போட்டு வைத்திருந்தேன். இப்போது ரேம் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

பழையபோர்டு (சென்னை)

தம்பி, தலை சுற்றுவதில் ஆச்சரியம் இல்லை. உலகத்தில் டிராம் (ரேமுக்குள் இருக்கும்) சிப் செய்பவர்களில் பெரிய தலைகள் மூன்று: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மூவரும் ஏஐ சர்வர்களுக்கான எச்பிஎம் நினைவகத்துக்கும் சர்வர் ரேமுக்கும் உற்பத்தியைத் திருப்பிவிட்டார்கள். மிச்சம் மீதிதான் நமக்கு. 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறையில் விற்றுவந்த தொழிலையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. ஒரு கேள்விக்காவது இதில் விடை இருக்கிறது: "ரெண்டு மாசம் பொறுத்தால் விலை இறங்குமா?" நான் அப்படி நம்பி உட்கார மாட்டேன்.

ஆகவே லிஸ்ட்டைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் ப்ராசசர், போர்டு எடுத்துவிட்டு ரேமை மளிகைக் கடையில் கருவேப்பிலை கேட்பது போல் கடைசியில் சேர்ப்போம். இப்போது கையில் என்ன ரேம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உங்களிடம் 16 ஜிபி டிடிஆர்4 இருக்கிறது. இன்றைக்கு அது பணம். அதை வைத்துக்கொண்டு, டிடிஆர்4 ஏற்கும் பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்குப் போங்கள். ரைசன் 5 5600, பி550 போர்டு. மிச்சமாகும் பணம் முழுக்க கிராபிக்ஸ் கார்டுக்கு.

ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அந்த ரேம் என்ன வேகம்?

கல்லணைக்காற்று

டாஸ்க் மேனேஜரில் 2400 என்று காட்டுகிறது அண்ணா.

எஃப்பிஎஸ்_பித்தன் (கோவை)

2400 ரேமை வைத்துக்கொண்டு ரைசனா? வேண்டவே வேண்டாம். ரைசனில் கோர்களையும் நினைவகக் கட்டுப்பாட்டையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடும். ரேம் மெதுவானால் ப்ராசசரும் கூடவே தளரும். 3200, 3600 போட்டு ஓட்ட வேண்டிய ப்ராசசரை 2400ல் ஓட்டினால், வாலரண்ட் மாதிரி ப்ராசசரை நம்பியிருக்கும் கேமில் நன்றாகவே அடி விழும்.

அதோடு ஏஎம்4 முடிந்த கதை. 2017ல் முதல் ரைசனோடு கடைக்கு வந்த சாக்கெட் அது. 2026ல் புதுசாகக் காசு கொடுத்து அதில் ஏறச் சொல்வது என்ன நியாயம்? ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ப்ராசசர் வரும் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. என் யோசனை: ரைசன் 5 7500எஃப், பி650 போர்டு, இப்போதைக்கு 16 ஜிபி டிடிஆர்5 ஒரே ஒரு ஸ்டிக். விலை இறங்கும்போது இன்னொன்று. நாளைக்கு 9800எக்ஸ்3டி விலை குறைந்தால் அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம்.

பழையபோர்டு

பித்தன் சொல்லும் ஃபேப்ரிக் விஷயம் சரி. ஆனால் 2400 என்று காட்டுவது ரேமின் வேகமா, போர்டின் வேகமா என்பதைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. 7ஆம் தலைமுறையில் பி250 போர்டு 2400க்கு மேல் விடாது. நீங்கள் 3000 ரேம் போட்டாலும் 2400தான். அந்தக் காலத்தில் கடைகளில் 2400 கையிருப்பு இல்லாவிட்டால் 3000 எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், வாங்குபவருக்கும் தெரியாது. தம்பி, கேபினட்டைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். திறக்கச் சோம்பலாக இருந்தால் சிபியூ-இசட் மென்பொருளில் எஸ்பிடி என்ற பக்கத்தில் எக்ஸ்எம்பி (ரேம் தன் முழு வேகத்தில் ஓடுவதற்கான அமைப்பு) என்று ஒரு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்லணைக்காற்று

பார்த்தேன்! கோர்சேர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ். ஸ்டிக்கரில் 3000, சிஎல்15, 1.35 வோல்ட் என்று இருக்கிறது. இத்தனை வருடமாக இது 3000 ரேம் என்றே எனக்குத் தெரியாது.

பழையபோர்டு

அப்புறம் என்ன. 3000 சிஎல்15 அந்தக் காலத்து நல்ல ரேம். பி550 போர்டில் எக்ஸ்எம்பி போட்டால் 3000ல் ஓடும், பல ஸ்டிக்குகள் அதே வோல்டேஜில் 3200 வரையும் போகும். போகாவிட்டாலும் 3000க்கும் 3200க்கும் இடையே உங்கள் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடையாது.

"ஒரு ஸ்டிக் டிடிஆர்5" யோசனைக்கு வருகிறேன். ஒரே ஸ்டிக் போட்டால் ரேமின் அலைவரிசை பாதி. எக்ஸ்3டி ப்ராசசர்களில் 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இருப்பதால் அந்தக் குறை கொஞ்சம் மறையும். 7500எஃப்பில் இருப்பது 32 எம்பிதான், அங்கே மறையாது. பிறகு வாங்கும் இன்னொரு ஸ்டிக் அதே மாடலாக இருந்தாலும் உள்ளே வேறு கம்பெனி சிப் இருக்கலாம். அப்போது 6000 வேகத்தில் நிற்காமல் கீழே இறங்கி ஓட்ட வேண்டி வரும். விலை இறங்கும் என்ற நம்பிக்கையை வேறு இதில் சேர்த்திருக்கிறீர்கள்.

எஃப்பிஎஸ்_பித்தன்

இறங்காது என்பதும் நம்பிக்கைதானே அண்ணா! 2017, 2018லும் ரேம் இப்படித்தான் ஏறியது, 2019ல் இறங்கியது. ஏஎம்4 வாங்கினால் நாளைக்குப் போவதற்கு வழி எங்கே? 5800எக்ஸ்3டி என்று ஒரு நல்ல ப்ராசசர் 2022ல் வந்தது. இப்போது தேடிப் பாருங்கள், பழைய சந்தையில் கூட வாங்கிய விலையை விட அதிகம் கேட்கிறார்கள்.

பழையபோர்டு

சரி, கணக்கைப் போட்டே பார்ப்போம். 2 வருடம் கழித்துத் தம்பி ஏஎம்5க்கோ அதற்கடுத்த சாக்கெட்டுக்கோ போகிறார் என்று வையுங்கள். கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட், எஸ்எஸ்டி, மானிட்டர் எல்லாம் அப்படியே கூட வரும். வராதவை 5600, பி550 போர்டு, பழைய ரேம். இந்த மூன்றையும் சேர்த்து விற்கவும் முடியும். மொத்த 85,000ல் "முடிந்த கதை"யில் மாட்டுவது ப்ராசசரும் போர்டும், அதாவது ஏறத்தாழ கால்வாசிக்குக் கீழே. அதற்குப் பயந்து இன்றைக்கு கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்குவது சைபர்பங்க் ஆட நினைப்பவருக்கு நஷ்டம்.

வாலரண்ட் மட்டுமே, 360 ஹெர்ட்ஸ் மானிட்டரில் என்றால் நான் பித்தன் பக்கம். அப்போது ப்ராசசர்தான் எல்லாம்.

பனங்கொட்டை (யாழ்ப்பாணம்)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இன்டல் பக்கம் ஒருத்தரும் பேசவில்லையே. ஐ5 12400எஃப் டிடிஆர்4 போர்டுகளில் வேலை செய்யும் அல்லவா? இங்கே கொழும்பு யூனிட்டி பிளாசாவில் அந்தச் செட் இன்னும் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு வரும்போது விலை இன்னும் கொஞ்சம் கூடும், அது வேறு கதை.

பழையபோர்டு

நல்ல நினைவூட்டல். 12400எஃப் 2022ல் வந்தது, 6 கோர், 12 த்ரெட். கேம்களில் 5600க்கு அண்ணன் தம்பி மாதிரி. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெரும்பாலும் ஒரே போர்டில் இரண்டும் வராது. பெட்டியில் எது என்று பார்த்து வாங்க வேண்டும். பின்னால் 13600கே, 14600கே வரை போகலாம் என்பது அதன் பலம். ஆனால் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களில் வோல்டேஜ் கூடுதலாகப் போய்ச் சிப் தேயும் சிக்கல் வந்தது நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் இன்டல் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (ப்ராசசரின் உள் மென்பொருள்) கொடுத்துத் திருத்தியது, வாரண்டியையும் 2 வருடம் நீட்டியது. திருத்தத்துக்கு முன் தேய்ந்தது தேய்ந்ததுதான். பழைய சந்தையில் அவற்றை வாங்கும்போது யார், எந்த பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஓட்டினார்கள் என்று தெரியாது. 12ஆம் தலைமுறையில் அந்தப் பிரச்சினை இல்லை. உங்கள் ஊரில் 12400எஃப்பும் போர்டும் மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

மீன்குழம்பு (தூத்துக்குடி)

ப்ராசசர் சண்டை முடிந்ததா? எல்லோரும் மறந்த ஒன்றை நான் கேட்கிறேன். அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடப் போகிறீர்களா, இல்லையா?

கல்லணைக்காற்று

450 வாட் என்று போட்டிருக்கிறது அக்கா. வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

மீன்குழம்பு

தம்பி, கேபினட்டோடு இலவசமாக வரும் பெட்டியில் 450 வாட் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் ப்ராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் எத்தனை வாட் கிடைக்கும் என்று தெரியும். என் வீட்டில் இருந்த அப்படிப்பட்ட பெட்டி ஒரு மழை நாளில் கரண்ட் போய் வந்தபோது வெடித்தது. கூடவே மதர்போர்டையும் கொண்டுபோனது.

650 வாட், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் அல்லது கோல்ட், 5 வருடத்துக்குக் குறையாத வாரண்டி. 80 ப்ளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான முத்திரை மட்டுமே. தரத்துக்குச் சான்று என்று கடைக்காரர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, அந்த மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதனோடு வந்த கேபிளைத்தான் போட வேண்டும். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் பொருந்துவது போலவே இருக்கும், பின்னின் வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டி போய்விடும்.

அடுத்தது யூபிஎஸ். நம் ஊரில் சாதாரணமாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். கார்டும் ப்ராசசரும் முழு மூச்சில் ஓடும்போது மானிட்டரோடு சேர்த்தால் அந்த அளவை நெருங்கும். அதோடு அவை தருவது ஸ்டெப் வேவ், படிப்படியாக ஏறி இறங்கும் மின் அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் சில, யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் அந்த அலையை ஏற்காமல் அணைந்துவிடும். வீட்டில் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், மாறும் வேகத்தைக் கூட்டும் யூபிஎஸ் மோடு அதில் உண்டா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சிபியூவைக் கோர்க்கவே கோர்க்காதீர்கள்.

எஃப்பிஎஸ்_பித்தன்

இதில் அக்காவோடு நான் ஒத்துப்போகிறேன். எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடித்தவன் உருப்பட்டதில்லை. சரி, கார்டு என்ன?

பழையபோர்டு

இந்த பட்ஜெட்டில் உண்மையான போட்டி இரண்டுக்கும் இடையில்தான்: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. 2025ல் வெளிவந்தபோது அமெரிக்க விலை முன்னதற்கு 349 டாலர், பின்னதற்கு 429 டாலர். இங்கே 18 சதவீதம் ஜிஎஸ்டி, இறக்குமதிக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்து எந்த நாளில் என்ன விலை என்று நான் எழுதினால் நாளைக்கே பொய்யாகிவிடும். ஆனால் இடைவெளி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு கார்டுக்குமே அதே பெயரில் 8 ஜிபி பதிப்பும் உண்டு. விளம்பரத்தில் பெயரைப் பெரிதாகவும் 8 ஜிபியைச் சிறிதாகவும் போடுவார்கள்.

8 ஜிபி ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் படங்களை மெயின் ரேமிலிருந்து பிசிஐஇ (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதை) வழியாக இழுக்க வேண்டும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாகவே காட்டும், ஆனால் ஆட்டத்தின் நடுவில் திக்கித் திக்கி நிற்கும். சில கேம்களில் திக்காது, அதற்குப் பதில் சுவரும் முகமும் மங்கலாகிவிடும். உங்களிடம் மெயின் ரேமும் 16 ஜிபிதான். இரண்டு பக்கமும் நெருக்கடி வேண்டாம்.

முக்கோணவலை (பெங்களூரு)

ப்ளெண்டர் என்று ஒரு வார்த்தை சொன்னதால் வந்தேன். ப்ளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் கார்டை வேலை வாங்க என்விடியா கார்டுகளுக்கு ஆப்டிக்ஸ் உண்டு, ஏஎம்டிக்கு எச்ஐபி. இரண்டிலும் ஓடும், ஆனால் ஒரே விலைக் கார்டுகளில் ஆப்டிக்ஸ் தெளிவாக முன்னால் நிற்கும். சம்பாதிக்கும் வேலை ப்ளெண்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 5060 டிஐ 16 ஜிபி. டோனட் (ப்ளெண்டர் கற்பவர்கள் முதலில் செய்யும் பயிற்சி) செய்து பார்க்கும் அளவு என்றால் அந்தக் கூடுதல் பணத்தை மானிட்டரில் போடுங்கள்.

கல்லணைக்காற்று

டோனட்டே இன்னும் முடிக்கவில்லை சகோ.

இன்டல் ஆர்க் பி580 12 ஜிபி பற்றி என்ன சொல்கிறீர்கள்? விலை கணிசமாகக் குறைவாக இருக்கிறது.

எஃப்பிஎஸ்_பித்தன்

பி580 எனக்குப் பிடித்த கார்டுதான். 249 டாலருக்கு 12 ஜிபி கொடுத்தது பெரிய விஷயம். ஆனால் உங்கள் செட்டுக்குப் பொருந்தாது. அதன் டிரைவர் ப்ராசசரிடம் நிறைய வேலை வாங்கும். 2025 தொடக்கத்தில் வந்த சோதனைகளில் 5600 அளவுள்ள ப்ராசசரோடு போட்டபோது சில கேம்களில் நன்றாகவே சரிந்தது. டிரைவர் தேறியிருக்கிறது, ஆனாலும் எல்லாக் கேமும் தேறியிருக்கும் என்று நம்பி வாங்க முடியாது. நான் சொன்ன ஏஎம்5ல் என்றால் பி580 ஓடும். கவனித்தீர்களா, ப்ராசசரில் இறங்கினால் கார்டிலும் வழி குறைகிறது!

பழையபோர்டு

அந்தக் கொட்டு எனக்குத்தான். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 9060 எக்ஸ்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

பனங்கொட்டை

பழையபோர்டு அண்ணா, என் கேள்வி ஒன்று. நான் ப்ராசசர் மாற்றப் போவதில்லை. ஐ5 10400, பி460 போர்டு. இதில் பிசிஐஇ 3.0தான். புதுக் கார்டு போட்டால் வீணாகுமா?

பழையபோர்டு

தம்பி, இதற்குத்தான் கார்டில் எத்தனை லேன் (தரவு போகும் வழி) என்று பார்க்க வேண்டும். 5060, 5060 டிஐ, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, பி580 எல்லாம் 8 லேன் கார்டுகள். பிசிஐஇ 4.0, 5.0 போர்டில் 8 லேன் போதும். 3.0 போர்டில் போட்டால் பாதை குறுகிவிடும், அதிலும் 8 ஜிபி கார்டு நிரம்பி வழியும்போது வலிக்கும். 9060 எக்ஸ்டியில் 16 லேனும் இருக்கிறது. உங்கள் போர்டுக்கு அது பொருத்தம். கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி 400 வரிசைப் போர்டுகள் சிலவற்றுக்கு பயாஸ் அப்டேட்டில் வந்தது. உங்கள் போர்டின் பக்கத்தில் தேடிப் பாருங்கள், இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால் கல்லணைத் தம்பிக்கு இன்னொரு எச்சரிக்கை. கடையில் "5600க்குப் பதில் 5500 எடுங்க, ரெண்டும் ஒண்ணுதான், விலை கம்மி" என்பார்கள். ஒன்றில்லை. 5500ல் எல்3 கேஷ் 16 எம்பி, 5600ல் 32 எம்பி. 5500 பிசிஐஇ 3.0 வரைதான். 5600ஜியும் அப்படியே. ஏ520 போர்டு போட்டாலும் 3.0க்கு இறங்கிவிடுவீர்கள். 5600ம் பி550ம் சேர்ந்தால்தான் கார்டுக்கு 4.0 கிடைக்கும்.

மீன்குழம்பு

மானிட்டர்? 60 ஹெர்ட்ஸ் திரையில் 9060 எக்ஸ்டியை மாட்டி என்ன பார்க்கப் போகிறார்?

எஃப்பிஎஸ்_பித்தன்

1080பி 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் போதும். வாலரண்ட்தானே தினமும்.

முக்கோணவலை

இல்லை, 1440பி. 16 ஜிபி கார்டு வாங்குவதற்கே அர்த்தம் அங்கேதான். 1080பியை விட ஏறத்தாழ 1.8 மடங்கு பிக்சல். கதை உள்ள கேம்களில் எஃப்எஸ்ஆர் 4 (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் ஏஎம்டி வசதி) போட்டு ஓட்டினால் 9060 எக்ஸ்டி தாராளமாகத் தாங்கும். பழைய எஃப்எஸ்ஆரின் கரகரப்பு இதில் இல்லை, என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு நெருங்கி வந்துவிட்டது. இன்னொன்று, திரையின் பிக்சல் கூடக் கூட வேலை கார்டின் பக்கம் சாயும், ப்ராசசரின் குறை மறையும். பழையபோர்டு அண்ணாவின் கட்சிக்கு இது சாதகம்.

எஃப்பிஎஸ்_பித்தன்

அது சரி. ஆனால் 85,000ல் அடங்குமா?

பழையபோர்டு

ஒரேயடியாக அடங்காது. கார்டுக்கு 40,000 வரை ஒதுக்கிவிட்டு, ப்ராசசரும் போர்டும் சேர்ந்து 18,000 முதல் 20,000, எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினட்டும் 10,000 என்று வைத்தால் மிச்சத்தில் எஸ்எஸ்டியா மானிட்டரா என்று நிற்கும். எஸ்எஸ்டி விலையும் ரேமோடு கைகோத்து ஏறியிருக்கிறது. நான் என்றால் 240 ஜிபி சாட்டாவில் விண்டோஸ், கேமுக்கு மட்டும் 500 ஜிபி என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி) எடுத்துவிட்டு மானிட்டர் வாங்குவேன். சாட்டா எஸ்எஸ்டிக்கும் என்விஎம்இக்கும் கேம் லோடு ஆவதில் உள்ள வித்தியாசத்தைவிட, 60லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குப் போகும் வித்தியாசம் பல மடங்கு பெரிது. ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் புதிய கேம் எதையும் வைக்காதீர்கள்.

மீன்குழம்பு

கேபினட்டுக்கு ஒரு வார்த்தை. முன்பக்கம் கண்ணாடி போட்ட மீன் தொட்டி மாடல்களைப் பார்த்து மயங்காதீர்கள். திருச்சியில் ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரி போகும். 25 டிகிரி அறையில் 70 டிகிரியில் ஓடும் ப்ராசசர், 40 டிகிரி அறையில் 85ஐத் தொடும். இன்டர்நெட்டில் நீங்கள் பார்க்கும் வெப்பக் கணக்கெல்லாம் குளிர்ந்த அறையில் எடுத்தது. முன்பக்கம் மெஷ், அதற்குள் கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டி, முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. அவ்வளவுதான்.

5600ஓடு பெட்டியில் வரும் கூலர் போதுமா என்று கேட்பீர்கள். ஓடும், ஆனால் கத்தும். சாதாரண ஒற்றை டவர் ஏர் கூலர் போட்டால் ஏசி இல்லாத அறையிலும் நிம்மதி. வாட்டர் கூலிங் எல்லாம் இந்த ப்ராசசருக்கு வீண் செலவு. எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் மட்டும், சிபியூவை வாரக்கணக்கில் அணைத்தே போட்டு வைக்காமல் அவ்வப்போது ஓட்டுங்கள், உப்புக் காற்றின் ஈரம் கனெக்டர்களில் தங்காது.

கல்லணைக்காற்று

எல்லோருக்கும் நன்றி. என் லிஸ்ட்: ரைசன் 5 5600, பி550எம் போர்டு, பழைய ரேம், 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 650 வாட் ப்ரான்ஸ் எஸ்எம்பிஎஸ், மெஷ் கேபினட், 500 ஜிபி என்விஎம்இ. மானிட்டர் 1440பி 180 ஹெர்ட்ஸ், அது கொஞ்சம் மேலே போகும், 1050 டிஐயை விற்றுச் சரிக்கட்டலாம் என்று இருக்கிறேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்குப் போய் வாங்கவா, ஆன்லைனில் வாங்கவா?

எஃப்பிஎஸ்_பித்தன்

நான் இன்னும் ஏஎம்5 கட்சிதான், பதிவில் இருக்கட்டும். ஆனால் 1050 டிஐயை விற்காதீர்கள். 5600ல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. புதுக் கார்டு வாரண்டிக்குப் போனால் திரையே வராது. அந்த நாட்களுக்கு 1050 டிஐ வேண்டும். பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா சொல்லியிருக்கிறது.

பழையபோர்டு

கார்டு, ப்ராசசர், போர்டு எங்கே மலிவோ அங்கே. ஆனால் எல்லாவற்றுக்கும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள். ஆன்லைன் பார்சல் என்றால் ஒட்டு பிரிக்கும் முன்பே வீடியோ எடுக்கத் தொடங்கி, பெட்டியின் சீரியலும் கார்டின் சீரியலும் ஒன்றா என்று காட்டி முடியுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை சொன்ன விலையோடு நின்றுவிடாமல் நான்கு கடை ஏறி இறங்குங்கள். "இந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டாக் இல்லை, இதுவும் அதே மாதிரிதான்" என்று வேறு பெட்டியை எடுத்து வைத்தால் மட்டும் சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். துபாயிலிருந்து மாமா வாங்கி வருகிறார் என்றால், அந்த வாரண்டி இங்கே செல்லுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

வாலரண்டுக்காக ஒன்று: விண்டோஸ் 11ல் அது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடுவது) இரண்டும் கேட்கும். ரைசனில் டிபிஎம் உள்ளேயே இருக்கிறது, பயாஸில் இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய எஸ்எஸ்டி எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் இருந்தால் செக்யூர் பூட் வராது. அழித்துவிட்டு ஜிபிடி முறையில் புதிதாக விண்டோஸ் போடுவதே நல்லது. பயாஸில் சிஎஸ்எம் (பழைய பூட் முறை) அணைத்திருக்க வேண்டும், ரீசைசபிள் பாருக்கும் அதுவேதான்.

கல்லணைக்காற்று

அண்ணா, கடைசிச் சந்தேகம். ரேமை எந்த ஸ்லாட்டில் போடுவது? எக்ஸ்எம்பி போட்டுத் திரை வராவிட்டால் என்ன செய்வது?

பழையபோர்டு

நான்கு ஸ்லாட் போர்டு என்றால் ப்ராசசரிலிருந்து எண்ணி 2ஆவதும் 4ஆவதும். முதலில் எக்ஸ்எம்பி போடாமலே விண்டோஸ் ஏற்றுங்கள். எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு பயாஸில் போய்ப் போடுங்கள். சில போர்டுகளில் அது டிஓசிபி என்ற பெயரில் இருக்கும். திரை வராவிட்டால் பதற வேண்டாம், போர்டு தானாகவே சில முறை அணைந்து எழுந்து பழைய வேகத்துக்குத் திரும்பப் பார்க்கும். திரும்பாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டில் க்ளியர் சிமாஸ் என்று போட்டிருக்கும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடி தொட்டு வையுங்கள்.

மீன்குழம்பு

மானிட்டர் கேபிளை கார்டில் மாட்டுங்கள், மதர்போர்டு எச்டிஎம்ஐயில் இல்லை. டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போட்டுவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 60ஐ 180 ஆக மாற்றுங்கள். அது தானாக மாறாது.

கல்லணைக்காற்று

சரி அக்கா. மாட்டியதும் இங்கேயே வந்து ரேம் 3200 போனதா என்று எழுதுகிறேன்.

எஃப்பிஎஸ்_பித்தன்

வாலரண்ட் எஃப்பிஎஸ்ஸையும் எழுதுங்கள். சராசரி வேண்டாம், அடியில் உள்ள 1 சதவீதம், அதாவது மிக மெதுவாக ஓடிய நேரத்தின் எஃப்பிஎஸ்.